மச்சான் மாட்டித் தந்த கம்ப்யூட்டர்

எனக்கு முதல் கம்ப்யூட்டரை மாட்டித் தந்தவர் என் அம்மாவின் அண்ணன் மகன். முறைக்கு மச்சான். கோவை காந்திபுரத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் விற்பதும் பழுது பார்ப்பதுமாகக் கடை வைத்திருந்தார். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அவர்தான் வந்து மாட்டித் தருவார். என் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, பீளமேட்டுப் பக்கம் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். தயாராகி வரும் மோட்டாரை மேடையில் ஏற்றி, சுமை கொடுத்து ஓடவிட்டு, அதன்மேல் அடித்திருக்கும் தகட்டில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். பொய் சொல்லும் மோட்டார் என் கையைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கூட வேலை பார்த்த தோழியின் வீட்டில் ஒருநாள் ஒரு கார் பந்தய விளையாட்டைப் பார்த்தேன். மலைப்பாதை, நல்ல மழை. முன்கண்ணாடியில் விழுந்த துளிகள் வேகம் கூடக் கூட மேல்நோக்கி ஓடின. ஒரு வளைவை நானும் திருப்பிப் பார்த்தேன். கார் பள்ளத்தில் போய் விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த விளையாட்டு ஓடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் எனக்கு வேண்டும். போனஸையும் சீட்டில் எடுத்ததையும் சேர்த்தால் ஐம்பத்தைந்தாயிரம் வந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்து, எந்தப் பாகம் வாங்கலாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மச்சான் அதை வாங்கினார். படிக்கவில்லை. நான்காக மடித்துக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"மோட்டார் கம்பெனில இருக்கறதால எல்லாம் தெரியும்னு நெனைச்சுக்காத அம்மணி. இது வேற கரண்டு."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பணத்தை அவரிடம் கொடுத்தேன்.

பத்து நாளில் கம்ப்யூட்டர் வந்தது. கண்ணாடி வைத்த கேபினெட். உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்குகள் மாறி மாறி எரிந்தன. விளையாட்டின் படங்களைத் திரையில் வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டியையும் கூடவே கொடுத்தார். பில்லைக் கேட்டபோது "நாந்தான் இருக்கறனே, உனக்கெதுக்கு பில்லு" என்றார். மலைப்பாதையில் மழை பெய்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். மூன்று மாதம் நல்ல சந்தோஷம்.

நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பந்தயத்தின் நடுவில் திரை கறுத்தது. 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த வாசனை. மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும்போது வார்னிஷ் எரியும் வாசனை அது. கம்பெனியில் அதை மூக்கில் வாங்கியவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது. மச்சானுக்குப் போன் செய்தேன். "பாக்கலாம் பாக்கலாம்" என்றார். மூன்று வாரம் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் தொண்டாமுத்தூரில் ஒரு சொந்தக்காரர் புது வீடு புகுந்தார். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"ராவும் பகலும் காரோட்டிக் கருக்கிப்போட்டாளுங்க! புதுப் பொருளுங்க, நாலே மாசம். கலியாணம் பண்ணிக் கரண்டி புடிக்கற வயசுல இவளுக்கு ஸ்டியரிங் கேக்குது."

பந்தி முழுக்கச் சிரித்தது. ரசம் ஊற்ற வந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் பக்கத்தில் இருந்த அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. பாயசம் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தேன்: இதே மாதிரி, இத்தனை பேருக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில்.

மறுநாள் கேபினெட்டைத் திறந்தேன். அதுவரை நான் அதைத் திறக்காததே என் முட்டாள்தனம். சுவரிலிருந்து வரும் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்பார்கள். கழற்றி எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் போல இருந்தது. ஐந்நூற்றைம்பது வாட் என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் பழைய ஸ்டிக்கர், பாதி வாட் கூட இல்லை. மாவு மில்லில் வீட்டு மோட்டாரைப் பூட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தன. பலமுறை கழற்றி மாட்டிய தேய்மானம். விசிறிக்குப் பின்னால், துடைக்க முடியாத இடுக்கில், கறுப்பாகப் பிசுக்கு. கார்டின் மேல் இருந்த எண் ஒன்று, அட்டைப்பெட்டியில் இருந்த எண் வேறு. கார்டில் இருந்த எண்ணை அதைச் செய்த கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். வாரண்டி முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்போதுதான் மச்சானின் சொந்தக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. எனக்கு மாட்டித் தந்த அதே வாரம் அவர் புதுக் கார்டு போட்டுக்கொண்டு படம் எடுத்துப் போட்டிருந்தார். அட்டைப்பெட்டி எனக்கு, கார்டு அவருக்கு.

போன் செய்து எண்களைப் படித்துக் காட்டினேன்.

"ஊட்டாளுகிட்டயே இப்படிப் போலீஸ் மாதிரி விசாரிப்பயா? நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் செய்யறதில்ல அம்மணி" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன் ஊட்டுச் சங்கதி கண்ணு. உட்டுப்போடு" என்றாள். விடுவதாகத் தலையை ஆட்டினேன்.

அடுத்த ஆறு மாதம் நான் இரண்டாவது கம்ப்யூட்டருக்கான பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்கள் எந்த விளையாட்டு ஓட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் மச்சானிலிருந்து ஆரம்பித்தேன். அவர் எதில் திருடினாரோ, அதில்தான் நான் முதலில் செலவழிப்பேன். முதல் மாதச் சம்பளத்தில் புது எஸ்எம்பிஎஸ், நல்ல கம்பெனி, ஐந்து வருட வாரண்டி, பில்லோடு. வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துப் பார்த்தேன். கனத்தது. அந்தக் கனம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிறகு எல்லாப் பாகங்களும் ஏறி உட்காரும் மதர்போர்டு. கம்ப்யூட்டருக்கு மூளை ப்ராசஸர்; அவர் போட்டிருந்ததில் இனி எந்தப் புது ப்ராசஸரும் ஏறாது. ஐந்து வருடம் கழித்தும் வேறு ப்ராசஸர் மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ப்ராசஸரை, தானே கொஞ்சம் படம் காட்டக்கூடியதாகப் பார்த்து வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் சேரும்வரை வெறும் பெட்டியாகக் கிடக்க வேண்டாமே. தற்காலிக நினைவகமான ரேமை அவர் ஒரே குச்சியாகப் போட்டிருந்தார். இரண்டாகப் பிரித்துப் போட்டால் வேகம் கூடும் என்று என் தாளிலேயே எழுதியிருந்தேன். டம்ளருக்கு அடியில் போன அதே தாள். இரண்டாக வாங்கினேன். கண்ணாடிக் கேபினெட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் விளக்கு ஒயர்களை வெட்டி எறிந்தேன்.

புதுக் கிராபிக்ஸ் கார்டு என் சம்பளத்துக்கு எட்டவில்லை. உக்கடத்தில் பழைய பாகம் விற்கும் ஒரு பாயிடம் போனேன். அந்தப் பகுதியில் மூன்று தலைமுறையாக ரேடியோ, டிவி என்று வியாபாரம் செய்த குடும்பம். நாற்பது வயது இருக்கும். நான் பையிலிருந்து மீட்டரையும், சூட்டை அளக்கும் கருவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பழசுதாங்கம்மா. பழசுன்னு சொல்லித்தான் விக்கறேன்."

"தெரியுங்க பாய். ஒரு மணி நேரம் முழுச் சுமையில ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கறேன்."

"ஒரு மணி நேரமா? அப்ப டீ சொல்லிடறனுங்க."

முதல் கார்டு நாற்பதாவது நிமிடத்தில் விசிறியில் ஒரு கரகரப்பு காட்டியது. பேரிங் தேய்ந்த சத்தம். வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் கார்டைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமாங்கம்மா" என்று அதைத் தனியாக எடுத்து வைத்தார். இரண்டாவது கார்டு ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. அதற்குள் எனக்கு இரண்டு டீ, ஒரு சம்சா ஆகியிருந்தது.

"இருபது வருசத்துல எங்கிட்ட இப்படி யாரும் வாங்குனதில்லீங்க. உங்கள யாரும்மா இந்த அளவுக்கு ஏமாத்துனது?"

"சொந்தக்காரருங்க."

"அப்பச் சரி" என்றார். பில்லில் 'பழையது, ஒரு மாதம் என் பொறுப்பு' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் மாட்டினேன். பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் ஒரே சுற்று. பந்தியில் கேட்ட சிரிப்பு காதில் கேட்டது. ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். ப்ராசஸருக்குப் பக்கத்தில் போகும் ஒயர் முழுதாக இறங்கவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் 'க்ளிக்' என்றது. அடுத்த முறை திரை வெளிச்சமானது. அம்மா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றாள். "ஆச்சுங்மா" என்றேன். எனக்கு ஆகவில்லை. பாதிதான் ஆகியிருந்தது.

மீதிப் பாதியை ஸ்க்ரூடிரைவரோடு ஆரம்பித்தேன். பொள்ளாச்சியில் இருக்கும் சித்தியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கும் கம்ப்யூட்டர் மாட்டித் தந்தது மச்சான்தான். தூசி துடைத்துத் தருகிறேன் என்று போனேன். திறந்தேன். அதே காலி டிபன் பாக்ஸ், அதே மாதிரி மேல் ஸ்டிக்கர். பவானியில் ஜமக்காள வியாபாரம் செய்யும் ஒன்றுவிட்ட அண்ணன் கடையிலும் தூசி துடைத்தேன். அங்கேயும் அதே. யாரிடமும் அப்போது எதுவும் சொல்லவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். சித்தி மகளிடம், உன்னுடைய எஸ்எம்பிஎஸ் சரியில்லை, இதைப் போட்டுக்கொள் என்று என் செலவில் புதிது ஒன்றை மாட்டிவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு சித்தி வீட்டுக் கிடாவிருந்துக்காகக் காத்திருந்தேன். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் தோப்பில், சொந்தம் அத்தனையும் வரும்.

விருந்துக்கு முந்தின நாள் மச்சானிடமிருந்து போன் வந்தது. சித்தி மகள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்போல.

"அம்மணி, எல்லாத்தையும் தொறந்து தொறந்து பாக்கறயாமா?"

"ஆமாங்க மச்சான். தூசிங்க."

அவர் குரல் இறங்கியது. "தப்புத்தான். கடை வாடகை மூணு மாசம் நின்னுபோச்சு, அப்பப் பண்ணிப்போட்டேன். உனக்குப் புதுக் கார்டு நானே வாங்கித் தாறேன். மத்தவங்களுக்கும் மாத்திக் குடுத்துடறேன். அப்பா காதுக்கு மட்டும் போக வேண்டாம். அவரு தாங்க மாட்டாரு."

அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். இப்போது எனக்குக் கார்டு தேவையில்லை.

"நாளைக்கு வாங்க மச்சான். நேர்ல பேசிக்கலாம்" என்றேன். குரலில் அத்தனை இனிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அவர் நம்பி வந்தார்.

தோப்பில் சாமியானா போட்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். முதல் பந்தி உட்காரப் போகும் நேரம். நான் பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து ஒரு மேஜையின் நடுவில் வைத்தேன். ஒன்று அவர் சித்தி மகளுக்குக் கொடுத்தது. இன்னொன்று நான் வாங்கியது. அன்று காலையில்தான் என் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தேன்.

"எல்லாரும் ஒருக்காத் தூக்கிப் பாருங்க" என்றேன். "ரெண்டும் ஒரே வேலை செய்யற பொட்டிங்க. ரெண்டுலயும் ஒரே வாட்டுத்தான் எழுதியிருக்குது."

முதலில் சித்தப்பா தூக்கினார். கொப்பரை வியாபாரி. மூட்டையைக் கையால் தூக்கியே எடை சொல்லக்கூடியவர். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. அவர் முகம் மாறியது. "என்ன கண்ணு, இதுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது?" என்றார். பெட்டிகள் கைமாறின. பவானி அண்ணன் தூக்கினார். அவர் மனைவி தூக்கினார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார்கள். நான் ஸ்டிக்கரை எல்லோர் முன்னாலும் உரித்துக் காட்டினேன். பவானிக் கடையில் எடுத்த படத்தைக் காட்டினேன். மச்சான் எனக்குத் தந்த கார்டின் எண்ணையும் அட்டைப்பெட்டியின் எண்ணையும் காட்டினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "நேத்து உங்கிட்டப் பேசுனேனே அம்மணி" என்றார். அவ்வளவுதான். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விநாடியைக்கூட விட மனமில்லை.

கடைசியாகப் பெட்டிகள் மாமாவிடம் போயின. மச்சானின் அப்பா, என் அம்மாவின் அண்ணன். ஊரில் பாகப்பிரிவினைப் பேச்சென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் இரண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"இதுல எதுங் கண்ணு என்ற பையன் குடுத்தது?"

காட்டினேன்.

அதை மெதுவாக மேஜையில் வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். மகனைத் தாண்டி நடந்தார். அம்மாவிடம் வந்து, "வாரேன் அம்மணி" என்றார். சித்தி ஓடிவந்து, "அண்ணா, ஒரு வாய் சாப்புட்டுப் போங்ணா" என்று கையைப் பிடித்தாள். அவர் நிற்கவில்லை. கிடாவிருந்தில் கை நனைக்காமல் போய்க் காரில் ஏறினார். மச்சான் பின்னாலேயே போனார்.

நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கினேன்.

மாலை பஸ்ஸில் கோவைக்குத் திரும்பும்போது, கிணத்துக்கடவு தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"நேத்துப் பேசுனேன்னானே, என்ன பேசுனான்?"

சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"எல்லாத்தையும் மாத்திக் குடுக்கறேன்னானா?"

"ஆமாங்மா."

"அப்பா காதுக்குப் போக வேண்டாம்னானா?"

"ஆமாங்மா."

"அதுக்கப்பறமும் நீ அந்தப் பொட்டியத் தூக்கிட்டு வந்தயா கண்ணு?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சான் இரண்டு மாதத்தில் கடையைக் காலி செய்தார். இப்போது திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனி அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன் எல்லோருக்கும் பாகங்களை மாற்றிக் கொடுத்தார். எனக்கும் ஒரு புதுக் கார்டு கூரியரில் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். பாய் கொடுத்த கார்டே இன்றும் ஓடுகிறது. சொந்தத்தில் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். நான் எழுதித் தரும் தாளோடு போய் அவர்களே வாங்கி, பில்லோடு வருகிறார்கள்.

அந்தத் தைக்கு மாமா வீட்டிலிருந்து அம்மாவுக்குப் பொங்கல் சீர் வரவில்லை. முப்பது வருடத்தில் முதல் முறை. அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு, பத்து மணி வரைக்கும் எதையாவது சாக்கு வைத்து வெளியே போய்ப் போய் வந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து, கண்ணால் திரையையும் காதால் வாசலையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு மச்சான்மேல்தான் கோபம் வந்தது. என்மேல் வரவில்லை. வந்ததென்று எழுதினால் படிப்பவர்களுக்கு என்னைப் பிடித்துப்போகும். ஆனால் வரவில்லை.

மாசியில் ஒருநாள் அம்மா என்னிடம் சொல்லாமல், தனியாகப் பஸ் ஏறி அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு பை நிறையத் தேங்காய் இருந்தது.

"மாமா என்னங்மா சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசுனாரு. சாப்புட்டுத்தான் போகோணும்னு சொல்லிப்போட்டாரு."

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"இல்லீங் கண்ணு. உன்ற பேச்சே வரல."